வண்டியை உயர்த்தியாச்சு, பெரிய டயர் உட்காருமா?

போன வருடம் ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தேன். பொலேரோவில் ஐந்து பேர், பின்னால் இரண்டு மூட்டை சாமை. ஒரு வளைவில் பிரேக்கை மிதித்துக்கொண்டே ஸ்டியரிங்கை ஒடித்தபோது இடது முன் சக்கரத்தில் 'சர்ர்ர்' என்று சத்தம். இறங்கிப் பார்த்தால், மட்கார்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தட்டின் ஸ்க்ரூ ஒன்று, மாட்டிப் பத்தே நாள் ஆன டயரின் ஓரத்தில் விரல் நீளத்துக்குக் கோடு கிழித்திருந்தது. வண்டியை இரண்டு அங்குலம் தூக்கிக் கொடுத்த பட்டறையில், "இனிமே எந்த டயர் வேணும்னாலும் போட்டுக்கலாம்ணா" என்றார்கள். நானும் முதலில் டயரை வாங்கிவிட்டு, அப்புறம் அளவு எடுத்தேன்.

இப்படி வண்டியைத் தூக்குவதைத்தான் லிஃப்ட் என்பார்கள். அது மேல்பக்கம்தான் இடம் கொடுக்கும். ஸ்டியரிங்கை ஒடித்தால் டயர் போய் இடிக்கிற பம்பர் மூலை, சக்கரத்துக்குப் பின்னால் சேறு தடுக்கத் தொங்கும் மட் ஃபிளாப், வளைவில் வண்டி சாயாமல் பிடிக்க உள்ளே இருக்கும் ஸ்டெபிலைசர் கம்பி எல்லாம் பழைய இடத்திலேயேதான் இருக்கும்.

தொடங்கும் முன்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. அதனால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்சூரன்சிலும் முதலில் கேட்டுவிடுங்கள். உங்கள் வண்டியின் உயர் மாடலுக்குத் தயாரிப்பாளரே ஒரு பெரிய அளவு டயர் கொடுத்திருந்தால் அதோடு நிறுத்திக்கொள்வது நிம்மதி.

படி 1: டயரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

என் வண்டியோடு வந்தது 215/75 ஆர்15. 215 என்பது மில்லிமீட்டரில் அகலம். 75 என்றால் பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 சதவீதம். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்கு இப்படி: 215-இல் 75 சதவீதம் 161.25. மேலும் கீழுமாக இரண்டு சுவர், 322.5. ரிம் 381. மொத்தம் 703.5 மி.மீ.

மாற்றியது 235/75 ஆர்15. அதே கணக்கில் 733.5. விட்டம் 30 மி.மீ. கூடியது, ஆனால் வண்டி தரையிலிருந்து உயர்வது அதில் பாதி, 15 மி.மீ. மட்டுமே. இதற்கா இவ்வளவு பாடு என்று தோன்றும். ஆனால் லிஃப்ட் பாடியைத்தான் தூக்கும். பின் ஆக்சிலின் நடுவில் கியர்கள் இருக்கும் உருண்டை இருந்த உயரத்திலேயே தொங்கும். கல்லில் முதலில் இடிப்பது அந்த உருண்டைதான். அதை உயர்த்த டயரால் மட்டுமே முடியும்.

அளவுக்குப் பின்னால் வரும் எண்ணையும் பாருங்கள். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 105 என்றால் 925 கிலோ. பழைய டயரில் இருந்த எண்ணுக்குக் கீழே போகாதீர்கள். கடைசியாக, தயாரித்த தேதி: நான்கு இலக்கம், 2324 என்றிருந்தால் 2024-இன் 23-ஆம் வாரம். ரிம் அகலமும் பொருந்த வேண்டும். 235/75 ஆர்15 டயருக்கு 6 முதல் 8 அங்குலம்.

படி 2: களிமண் வைத்துப் பாருங்கள்

இதைத்தான் நான் செய்யத் தவறினேன். தெரிந்த டயர் கடை என்றால் முன்பக்கத்துக்கு ஒரே ஒரு டயரை மாட்டிப் பார்க்க விடுவார்கள். காசு கொடுப்பதற்கு முன் கேளுங்கள்.

சமதளத்தில், ஒருவர் வெளியே நின்று வழிகாட்ட, அந்த முன் சக்கரத்தையும் குறுக்கே எதிர்மூலையில் உள்ள பின் சக்கரத்தையும் அரை அடி தடிமனுள்ள கனமான மரக்கட்டைகள் மீது மெதுவாக ஏற்றுங்கள். ஸ்பிரிங் அமுங்கி டயர் மட்கார்டுக்குள் போகும். ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்து, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். இப்போது, பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை எலுமிச்சை அளவுக்கு உருட்டி, இடிக்கும் என்று சந்தேகப்படும் இடங்களில் ஒட்டுங்கள். கையை வெளியே எடுத்த பிறகு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடிக்கச் சொல்லுங்கள்.

உருண்டை நசுங்கிய இடத்தில் மிச்சமிருக்கும் தடிமன்தான் உங்கள் இடைவெளி. கட்டைவிரல் தடிமனுக்குக் குறைந்தால் எனக்குத் திருப்தி இல்லை. டயரில் சேறும் ஒட்டும், ஆட்களும் ஏறுவார்கள்.

படி 3: இடித்தால்

மட் ஃபிளாப்பை வெட்டலாம், பின்னுக்குத் தள்ளிக் கட்டலாம். பிளாஸ்டிக் தட்டைச் சூடு காட்டி உள்ளே அமுக்கலாம். நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்க்ரூவை எடுத்துவிட்டுக் கிளிப் போடலாம். என் வைத்தியம் ஐந்து நிமிடத்தில் இப்படித்தான் முடிந்தது. இரும்பை வெட்ட வேண்டும் என்றால் அந்த டயர் உங்கள் வண்டிக்கு இல்லை. சக்கரத்துக்கும் அது மாட்டும் ஹப்புக்கும் நடுவே வைக்கிற வட்டத் தட்டான வீல் ஸ்பேசர் போட்டு டயரை வெளியே தள்ளலாம் என்பார்கள். எனக்கு அதில் இஷ்டமில்லை. பேரிங்கில் சுமை கூடும், உள்ளே இடித்தது வெளியே மட்கார்டு விளிம்பில் இடிக்க ஆரம்பிக்கும்.

படி 4: மாட்டுவது

வீட்டில் மாட்டுவதானால், நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிட்டு ஜாக்கி வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் வேண்டும். நட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக இறுக்குங்கள். கடைசி இறுக்கம் சக்கரம் தரைக்கு வந்த பிறகு, கையேட்டில் உள்ள அளவுக்கு. ஸ்பேனர் மேல் ஏறி மிதிக்கிற வேலை வேண்டாம்.

பாலன்சிங், அலைன்மென்ட் இரண்டையும் அன்றே முடித்துவிடுங்கள். லிஃப்ட் செய்த வண்டிக்கு அலைன்மென்ட் கட்டாயம் மாறியிருக்கும். காற்றைக் காலையில், டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். வேலூர் மே மாத வெயிலில் மதியம் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும், அதை நம்பி இறக்கிவிடுவீர்கள்.

படி 5: ஓட்டிப் பழகுவது

ஸ்பீடோமீட்டர் இனி குறைத்துக் காட்டும். என் வண்டியில் 80 காட்டினால் உண்மையில் 83-க்கு மேல். கிலோமீட்டர் கணக்கும் அப்படியே, 1000 காட்டினால் ஓடியது 1043. மைலேஜ் விழுந்துவிட்டதே என்று பதறுவதற்கு முன் இதைக் கூட்டிக்கொள்ளுங்கள். கொஞ்சம் விழத்தான் செய்யும், டயர் கனம். பிரேக்கும் முன்போலச் சட்டென்று பிடிக்காது. காட்பாடி பாலத்தில் பேருந்துக்குப் பின்னால் ஒட்டிப் போகும் பழக்கத்தை நான் விட்டது அதற்கப்புறம்தான்.

நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயராக வாங்குங்கள், குறிப்பாக நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு. விட்டம் மாறிய ஒரு சக்கரம் கியர்களைத் தின்றுவிடும். பின்கதவில் இருக்கும் பழைய ஸ்டெப்னி கவர் மட்டும் புது டயருக்கு ஏறாது. என்னுடையது மொட்டை மாடியில் காக்கைக்குத் தண்ணீர் வைக்க உதவுகிறது.