‘இஷ்யூ’ என்ற ஒரு சொல்லை முழுசாகப் படிப்பது எப்படி

சாதாரண தரம், உயர்தரம் படிக்கிற பிள்ளைகளின் கொப்பியைத் திறந்தால் ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சொல், நடுவில் ஒரு கோடு. இஷ்யூ – பிரச்சினை. அப்படியே பாடமாக்கிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார்கள். பிறகு கடவுச்சீட்டில் ‘டேட் ஒஃப் இஷ்யூ’ என்று இருப்பதைக் கண்டால் எந்தப் பிரச்சினையின் திகதி என்று முழிக்க வேண்டியதுதான். ஒரு நாளைக்குப் பத்துச் சொல் என்று பட்டியல் போட்டுப் படிப்பதை விட, கிழமைக்கு ஒரு சொல்லை வேரோடு படிப்பது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான எண்ணம். அதை எப்படிச் செய்வது என்று இந்த ஒரே சொல்லை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அகராதியைத் தொடாதீர்கள். சொல்லை ஊருக்குள் தேடுங்கள். வீட்டில் பத்திரங்கள் வைத்திருக்கிற பையை எடுங்கள், வன்னியில் அது இல்லாத வீடு குறைவு, இடம்பெயர்ந்த காலத்தில் மற்றதெல்லாம் விட்டுவிட்டு வந்தவர்கள்கூட அந்தப் பையை விடவில்லை. கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம் இரண்டிலும் இஷ்யூ என்பது வழங்கிய திகதி. ஜீஎஸ் (கிராம சேவகர்) தருகிற வதிவிடச் சான்றிதழை ஆங்கிலத்தில் சொன்னால் ‘இஷ்யூட் பை’ என்று வரும், அவரால் வழங்கப்பட்டது. ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றின் அட்டையில் இதே சொல் இருந்தால் அது அந்த மாதத்து இதழ்.

இனிக் குளத்தடிக்கு வாருங்கள். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, எந்தக் குளமானாலும் சரி, சிறுபோகம் (கோடைகாலப் பயிர்ச்செய்கை) பற்றிய கூட்டத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்தத் திகதியில் தண்ணீர் விடுவது என்று முடிவெடுப்பார்கள். நீர்ப்பாசனப் பொறியியலாளர்கள் அதை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘வோட்டர் இஷ்யூ’ என்பார்கள். தண்ணீர்ப் பிரச்சினை என்று விளங்கிக்கொண்டால் காரியம் தலைகீழாகிவிடும், ஏனென்றால் துருசைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுவதைத்தான் அவர்கள் சொல்கிறார்கள். மாரியில் குளம் நிரம்பி மேலதிக நீர் வான் (குளத்தில் மிகுநீர் வழிகிற இடம்) வழியாகப் பாய்வதற்கு அந்தச் சொல்லைப் போடமாட்டார்கள், அதற்கு ‘ஸ்பில்’. பயிருக்கென்று கணக்குப் பார்த்து விடுவது மட்டும்தான் இஷ்யூ. இந்த வித்தியாசம் கமக்காரரின் பிள்ளைக்கு ஒரு தடவை சொன்னாலே மனதில் நின்றுவிடும்.

இப்போது கிடைத்ததையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதிவைத்து, இவற்றுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் குளத்திலிருந்து வெளியே வருகிறது, பத்திரம் கந்தோரிலிருந்து வெளியே வருகிறது, இதழ் அச்சகத்திலிருந்து வெளியே வருகிறது. சொல்லின் வேரும் அதுதான். வெளியே போதல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது, கட்டடங்களின் வாசலில் பச்சை எழுத்தில் இருக்கிற ‘எக்சிற்’றும் அதே வேர். காணி உறுதிகளிலும் மரணசாதனங்களிலும் ‘வித்அவுட் இஷ்யூ’ என்று ஒருவரைப் பற்றி எழுதியிருந்தால், பிள்ளைகள் இல்லாமல் இறந்தார் என்று அர்த்தம். சந்ததிதான் அங்கே இஷ்யூ. காணி வழக்கில் இரண்டு தரப்பும் எதில் முரண்படுகின்றன என்று நீதிமன்றம் எழுவினாக்களை வகுக்கும், அவையும் ‘இஷ்யூஸ்’. விவாதத்துக்கு எடுத்த விடயம் என்ற அந்தப் பொருளிலிருந்துதான் சிக்கல், பிரச்சினை என்று நாம் சாதாரணமாகக் கதைக்கிற பொருளும் வளர்ந்தது.

இதற்குப் பிறகு அகராதி. ஆங்கிலம்–தமிழ் அகராதியைப் பக்கத்தில் வைத்திருங்கள், ஆனால் ஆங்கிலம் கற்பவர்களுக்கென்று செய்த ஆங்கில அகராதியையும் பாருங்கள். 1978இல் வந்த லாங்மன் அகராதி ஏறக்குறைய 2,000 எளிய சொற்களுக்குள் நின்று மற்றச் சொற்களுக்குப் பொருள் சொன்னது, அந்த வகை அகராதிகள் இப்போது போனிலேயே இலவசமாகப் பார்க்கக் கிடைக்கின்றன. அதில் பொருளை வாசித்ததும் மூடிவிடாமல் உதாரண வசனங்களைக் கொப்பியில் எழுதுங்கள். ஒலியையும் அழுத்திக் கேளுங்கள். ‘இஷூ’, ‘இஸ்யூ’ இரண்டும் சரியான உச்சரிப்புகள், முதல் எழுத்தில் அழுத்தம் இருக்க வேண்டும்.

கனபேர் கோட்டைவிடுவது அடுத்த இடத்தில். ஒரு சொல்லோடு எந்தச் சொற்கள் சேர்ந்து வரும் என்று படிக்காவிட்டால் பொருள் தெரிந்தும் வசனம் எழுத வராது. பெயர்ச்சொல்லாக, ‘ரெய்ஸ்’ பண்ணினால் ஒரு விடயத்தைக் கிளப்புகிறோம், ‘ரிசோல்வ்’ பண்ணினால் தீர்க்கிறோம். வினையாக வரும்போது பெரும்பாலும் அதற்குப் பின்னால் சான்றிதழ், அனுமதி, அறிக்கை, எச்சரிக்கை, அழைப்பாணை போன்ற ஒரு செயப்படுபொருள் வரும். வளிமண்டலவியல் திணைக்களம் மழை எச்சரிக்கையை ‘இஷ்யூ’ செய்யும். யாருக்கு என்பதைக் கடைசியில் சொன்னால் அதற்கு முன்னால் ‘டு’ போட வேண்டும். ‘ஹீ இஷ்யூட் எ லெட்டர் டு மீ’ என்று எழுதிப் பழகுங்கள், ‘ஹீ இஷ்யூட் மீ எ லெட்டர்’ என்பதும் வழக்கில் உண்டு. ‘டேக் இஷ்யூ வித்’ என்றால் ஒருவர் சொன்னதை ஏற்காமல் மறுத்துப் பேசுவது, இதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கப் போனால் ஒன்றும் விளங்காது, அப்படியே முழுசாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சொந்த வசனம். புத்தக வசனத்தை மாற்றி எழுதினால் பயனில்லை. உங்கள் வீட்டில் நடந்ததை எழுதுங்கள்: அடையாள அட்டை எப்போது கிடைத்தது, வாய்க்காலில் எந்தத் திகதி தண்ணீர் வந்தது, சங்கக் கூட்டத்தில் யார் எந்த விடயத்தைக் கிளப்பினார். மூன்று பொருளுக்கு மூன்று வசனம் போதும். பாடசாலை ஆங்கில ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள், நாலைந்து நாள் கழித்து கொப்பியைப் பார்க்காமல் திரும்ப எழுதிப் பாருங்கள். சந்ததி என்ற பொருளை வாசிக்கும்போது அடையாளம் கண்டால் சரி, அதை வைத்து வசனம் எழுத வேண்டிய தேவை எல்லோருக்கும் வராது.

இதை முடித்தவர்கள் அடுத்து ‘கிளியர்’ என்ற சொல்லை எடுக்கலாம். மிதிவெடி அகற்றிய காணி, வங்கியில் காசாகும் காசோலை, மழை விட்டு வெளித்த வானம், தெளிவாக விளங்கிய பாடம், நாலுக்கும் அந்த ஒரே சொல்தான்.