ஜாவாவின் கமெலானைக் கேட்கப் பழகுவது எப்படி: ஒரே பாட்டு, ஒரு வாரம்

உலக இசை கேட்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகிறார்கள். இன்று மாலி, நாளை மங்கோலியா, மறுநாள் கியூபா. நாட்டுக்கு இரண்டு நிமிடம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எதுவும் காதில் தங்கியிருக்காது. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் கேட்டேன். ஜாவாவின் கமெலானை முதன்முதலில் கேட்டபோது, உலோகச் சத்தம் என்று ஒதுக்கிவிட்டு அடுத்த நாட்டுக்குப் போய்விட்டேன். இன்று எனக்கு மிக நெருக்கமான இசைகளில் அதுவும் ஒன்று. இடையில் நடந்தது ஒன்றுதான்: ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டேன், ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கருவியை மட்டும் பின்தொடர்ந்து.

அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். இசை தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. நாளுக்கு அரை மணி நேரம் போதும்.

முதலில் கமெலான் என்றால் என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். இந்தோனேசியாவின் ஜாவா, பாலி முதலிய தீவுகளில் வழங்கும் வெண்கலக் கருவிகளின் குழு அது. ‘கமெல்’ என்றால் ஜாவா மொழியில் அடித்தல், தட்டுதல். நடு ஜாவாவில் சோலோ, யோக்யகர்த்தா ஆகிய இரு நகரங்களின் அரண்மனைகள் இந்த இசையை வளர்த்தெடுத்தன. கருவிகளுக்கான வெண்கலத்தில் பத்துப் பங்கு செம்புக்கு மூன்று பங்கு வெள்ளீயம் சேர்ப்பது மரபு. 2021இல் யுனெஸ்கோ இதை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

படி 1: பதிவைத் தேடி எடுங்கள்

நான் பரிந்துரைக்கும் பாட்டின் பெயர் ‘கெத்தவாங் புஸ்பவர்னா’. புஷ்பம், வர்ணம் என்ற இரண்டு சொற்களும் உங்களுக்கு உடனே புரிந்திருக்கும். பலவகை மலர்களைப் பாடும் பாட்டு. சோலோவின் இளவரசர் நான்காம் மங்குநகரா 19ஆம் நூற்றாண்டில் இயற்றியதாகச் சொல்வார்கள். யோக்யகர்த்தாவின் பாக்குஆலாமான் அரண்மனையில் இளவரசரின் வருகையை அறிவிக்க இதை வாசித்தார்கள்.

அந்த அரண்மனைக் குழு வாசித்த ஒரு பதிவு, 1977இல் பூமியின் இசையைப் பதித்து வாயேஜர் விண்கலங்களில் வைத்து அனுப்பிய தங்க இசைத்தட்டில் இடம்பெற்றது. இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பைரவி இருக்கும் அதே தட்டு. நீளம் 4 நிமிடம் 43 நொடி. பாட்டின் பெயரையும் வாயேஜர் என்பதையும் ஆங்கில எழுத்தில் (Puspawarna, Voyager) தட்டித் தேடினால் யூடியூபில் கிடைக்கும்.

இதைப் பதிவுசெய்தவர் ராபர்ட் பிரவுன் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர். மிருதங்கம் பயின்று, அதைப் பற்றியே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தவர். 1960களில் ‘உலக இசை’ என்ற தொடரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவராகவும் அவரையே குறிப்பிடுகிறார்கள். சென்னையின் மிருதங்கத்தையும் யோக்யகர்த்தாவின் கோங் என்னும் வெண்கலக் கருவியையும் ஒரே காது கேட்டிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துபோகும்.

படி 2: நல்ல ஹெட்போன் வேண்டும்

இதை அலட்சியம் செய்யாதீர்கள். குழுவின் மிகப் பெரிய கோங்கின் ஒலி மிகத் தாழ்ந்தது. கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியால் அதை எழுப்பவே முடியாது. கோங் கேட்காத கமெலான் அஸ்திவாரம் இல்லாத வீடு. விலை உயர்ந்த கருவி தேவையில்லை. காதை முழுக்க மூடும் சாதாரண ஹெட்போன் போதும்.

படி 3: முதல் இரண்டு நாள் கோங்குக்காக மட்டும் காத்திருங்கள்

கோங் என்றதும் நம் கோயில் சேகண்டியை நினைத்துவிடுவோம். சேகண்டி தட்டையானது, அடித்ததும் கணீரென்று எழும்பும். ஜாவாவின் ‘கோங் அகெங்’ மனிதர் ஒருவர் கைவிரித்து அணைக்கும் அளவு பெரியது. நடுவில் குமிழ் புடைத்திருக்கும், விளிம்பு உள்நோக்கி மடிந்திருக்கும். துணி சுற்றிய கனத்த கொட்டாப்புளியால் அந்தக் குமிழை மெல்லத் தொட்டாற்போல் அடிப்பார்கள். எழும் ஒலி நேராக நிற்காது, அலை அலையாக ஏறி இறங்கும். அந்த அலைக்கு ‘ஓம்பாக்’ என்று பெயர். அலை எவ்வளவு நிதானமாக ஏறி இறங்குகிறது என்பதை வைத்தே ஒரு கோங்கின் தரத்தை மதிப்பிடுவார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு பாட்டை ஓடவிடுங்கள். தொடக்கத்தில் சிறிய முன்னுரை வரும், மேளம் சேர்ந்துகொள்ளும், பிறகு முதல் கோங். அடுத்த கோங் எப்போது விழும் என்று காத்திருங்கள். வேறு எதையும் கவனிக்க வேண்டாம். ஒவ்வொரு கோங்குக்கும் ஒரு விரலை மடக்குங்கள்.

முதல் முறை கேட்கும்போது இடைவெளி மிக நீளமாகத் தோன்றும். நான்காவது, ஐந்தாவது முறையில் ஒரு மாற்றம் வரும்: கோங் விழுவதற்குச் சற்று முன்பே அது வரப்போவது உங்களுக்குத் தெரிந்துவிடும். எப்படித் தெரிந்தது என்று உங்களால் சொல்ல முடியாது. அதுவரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை, நான்கு நாள் ஆனாலும் பரவாயில்லை.

ஜாவாவில் பெரிய கோங்குக்குப் பூவும் தூபமும் வைக்கும் வழக்கம் உண்டு. பழைய கமெலான் தொகுதிகளுக்கு மரியாதைப் பட்டத்தோடு பெயர் இருக்கும். கருவிகளைத் தாண்டி நடப்பது பெரும் அவமரியாதை. என்றாவது ஒரு கமெலான் முன் நிற்கும் வாய்ப்புக் கிடைத்தால் சுற்றி நடந்துபோங்கள்.

படி 4: பதினாறு எண்ணுங்கள்

‘கெத்தவாங்’ என்பது தாளச் சுற்றின் பெயர். ஒரு கோங்கிலிருந்து அடுத்த கோங்வரை 16 துடிப்புகள். ஆதி தாளம் போடத் தெரிந்தவர்களுக்கு இது மிக எளிது: இரண்டு ஆவர்த்தனம், அதாவது எட்டெட்டாக இரண்டு சுற்று.

ஆனால் ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டும். நமக்கு ஆவர்த்தனத்தின் கனம் சமத்தில், அதாவது முதல் அடியில் இருக்கிறது. ஜாவாவில் கனம் முழுவதும் கடைசியில் இருக்கிறது. கோங் விழுவது 16ஆம் துடிப்பில். இரண்டாவது ஆவர்த்தனத்தில் கையைத் திருப்பும் கடைசி வீச்சில் அது வந்து சேரும். அதனால் கோங் ஒலித்த பிறகு வரும் துடிப்பில் ‘ஒன்று’ என்று தொடங்குங்கள். பழகிய காது கோங்கையே ஒன்றாக எண்ணத் துடிக்கும். விடாதீர்கள். கோங்கை நோக்கிப் போய்ச் சேர்வதுதான் இந்த இசையின் நடை.

இப்போது கையில் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். முதல் ஆவர்த்தனம் முடியும் வீச்சில், 8ஆம் துடிப்பில், கவிழ்த்த பானை போன்ற ‘கெனோங்’ தெளிவாக ஒலிக்கும். இரண்டாவது ஆவர்த்தனத்தில் நடுவிரல் எண்ணும் இடத்தில், அதாவது 12இல், தொங்கும் சிறிய கோங்கான ‘கெம்புல்’ விழும். முதல் ஆவர்த்தனத்தின் அதே இடம் வேண்டுமென்றே காலியாக விடப்பட்டிருக்கும். அந்தக் காலி இடத்தைக் காது கண்டுகொண்ட நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பேருந்தில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன், இறங்க வேண்டிய நிறுத்தம் கடந்துபோய்விட்டது.

ஒரு எச்சரிக்கை: துடிப்பு நீங்கள் எதிர்பார்ப்பதைவிட மிக மெதுவானது.  எண்ணிக்கை தவறினால் அடுத்த கோங்கில் மறுபடி தொடங்குங்கள்.

படி 5: நடுவில் நடக்கும் மெட்டைத் தேடுங்கள்

‘பலுங்கான்’ என்ற சொல்லுக்கு எலும்புக்கூடு என்ற பொருள் உண்டு. பாட்டின் அடிப்படை மெட்டு அதுதான். வெண்கலப் பட்டைகள் கொண்ட ‘சாரோன்’, அதைவிடத் தாழ்ந்த, மென்மையான ‘ஸ்லெந்தெம்’ ஆகியவை இதை வாசிக்கும். நாலு நாலு ஸ்வரமாக நடக்கும். அலங்காரமே இருக்காது.

அலங்காரம் மேலே இருக்கிறது. சிறு கோங்குகளை வரிசையாக அடுக்கிய ‘போனாங்’, மூங்கில் குழாய்களின் மேல் மெல்லிய பட்டைகளைக் கட்டித் தொங்கவிட்ட ‘கெண்டேர்’, மரப்பட்டைகளாலான ‘கம்பாங்’ எல்லாம் அதே மெட்டைத் தத்தம் வழியில் பின்னிக்கொண்டு போகும்.

இங்கேதான் கமெலானின் அதிசயம் இருக்கிறது. மேளமான ‘கெண்டாங்’ வாசிப்பவர் குழுவின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறார். அவர் மெதுவாக்கும்போது அடிப்படை மெட்டின் ஸ்வரங்கள் விலகிக்கொண்டே போகும். விலகிய இடத்தை மேல் கருவிகள் இரட்டிப்பு ஸ்வரங்களால் நிரப்பும். மிகச் சிறிய சாரோனான ‘பெக்கிங்’கைப் பின்தொடர்ந்தால் இது நன்றாகப் புரியும். அடிப்படை மெட்டின் ஒரு துடிப்புக்கு அது முதல் நிலையில் ஒரு அடி அடிக்கும், அடுத்த நிலையில் இரண்டு, பிறகு நான்கு, எட்டு, பதினாறு. இந்த நிலைகளுக்கு ‘இரமா’ என்று பெயர். பெக்கிங்கின் கை வேகம் பெரிதாக மாறுவதே இல்லை. அதன் கீழே காலம் மட்டும் விரிந்துகொண்டு போகிறது. நாம் ஒரு பாட்டை முதல் காலம், இரண்டாம் காலம் என்று துரிதப்படுத்துவதை அறிந்தவர்கள். மெதுவாகும்போதே உள்ளே அடர்த்தி கூடும் இந்த அனுபவம் எனக்கு வேறெங்கும் இவ்வளவு துலக்கமாகக் கிடைக்கவில்லை.

ஒரு நாள் பெக்கிங்குக்கு. ஒரு நாள் போனாங்குக்கு. கெண்டேர் கடினம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 6: குரலையும் ரெபாபையும் கேளுங்கள்

ஆண்கள் சேர்ந்து பாடுவது ‘கெரோங்’. தனித்துப் பாடும் பெண் ‘பெசிந்தென்’. வில்லால் இழைக்கும் இரண்டு தந்திக் கருவி ‘ரெபாப்’. அந்தப் பெண்ணின் குரல் மெட்டு முடியும் இடத்துக்குச் சற்றுப் பின்தங்கியே வந்து சேரும். கோங் விழுந்த பிறகும் அவர் பாடிக்கொண்டிருப்பார். தாளம் தவறிவிட்டார் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தத் தாமதம் பயின்று பெற்ற கலை.

படி 7: ஸ்வரத்தை நம் ராகத்தோடு பொருத்தாதீர்கள்

கமெலானில் இரண்டு ஸ்வர அமைப்புகள் உண்டு. ‘ஸ்லென்ட்ரோ’வில் ஐந்து ஸ்வரங்கள், ஏறக்குறையச் சம இடைவெளியில். ‘பெலோக்’கில் ஏழு ஸ்வரங்கள், இடைவெளிகள் சமமற்றவை. புஸ்பவர்னா ஸ்லென்ட்ரோவில் அமைந்தது. கேட்டதும் மோகன ராகம் போல் இருக்கிறதே என்று மனம் சொல்லும், கொஞ்ச நேரத்தில் ‘சுருதி சேரவில்லை’ என்று முகம் சுளிக்கும். உண்மையில் அது மிகக் கவனமாகச் சேர்க்கப்பட்ட சுருதி. ஒவ்வொரு தொகுதியும் தனக்குள் மட்டும் சுருதி சேர்ந்தது. ஒரு ஊர் கமெலானின் சாரோனை இன்னொரு ஊர் குழுவில் வைத்து வாசிக்க முடியாது. ஒரு வாரம் கேட்டால் அந்த இடைவெளிகளே சரியாகத் தோன்றத் தொடங்கும்.

படி 8: அடுத்த வாரம் எங்கே போகலாம்

பாலிக்குப் போகலாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடக்குப் பாலியில் பிறந்த ‘கோங் கெப்யார்’ வெடித்துக் கிளம்பும் வேகம் கொண்டது. கருவிகளை இரண்டிரண்டாக, ஒன்றைவிட மற்றொன்று மிகச் சிறிது உயர்ந்திருக்கும்படி சுருதி சேர்ப்பதால் ஒலி மினுமினுத்துக்கொண்டே இருக்கும்.

‘வாயாங் கூலிட்’ என்னும் தோற்பாவைக் கூத்தும் இருக்கிறது. இரவு ஒன்பது மணிவாக்கில் தொடங்கி விடியும்வரை மகாபாரதக் கதையோ ராமாயணக் கதையோ நடக்கும், கமெலான் கூடவே வரும். இணையத்தில் முழு இரவுப் பதிவுகள் இருக்கின்றன. ஒரு மணி நேரம் பாருங்கள். அர்ஜுனனையும் பீமனையும் மொழி தெரியாமலே அடையாளம் காண்பீர்கள்.

இன்றைய ஜனரஞ்சக இசை வேண்டுமென்றால் ‘சாம்பூர்சாரி’ கேளுங்கள். கமெலானோடு கீபோர்டும் கிட்டாரும் சேர்ந்த வகை, 1990களில் பரவியது. கீபோர்டோடு ஒத்துப்போக வெண்கலக் கருவிகளின் சுருதியை மாற்றிவிடுவார்கள். அந்த இழப்பு எனக்கு வருத்தம்தான். ஆனாலும் 2020இல் மறைந்த டிடி கெம்போட்டின் குரலை விட்டுவிட மனமில்லை. சோலோவின் பாலாபான் ரயில் நிலையத்தில் பிரிந்துபோன காதலைப் பற்றி ஜாவா மொழியில் பாடியவர். ஒப்பந்தக் கூலிகளாக 1890 முதல் கப்பலேறிப் போன ஜாவா மக்களின் வழித்தோன்றல்கள் வாழும் தென் அமெரிக்காவின் சுரிநாமிலும் அவருக்குப் பெரும் ரசிகர் கூட்டம் இருந்தது.

அதற்கெல்லாம் முன்னால், வாரத்தின் கடைசி நாளில் புஸ்பவர்னாவை எதையும் எண்ணாமல் ஒருமுறை முழுக்கக் கேளுங்கள். முடிவு நெருங்கும்போது வேகம் குறையும். கடைசிக் கோங்குக்கு முன் குழு முழுவதும் ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். கோங் விழுந்த பிறகுதான் மற்ற கருவிகள் தங்கள் கடைசி ஸ்வரத்தை வைக்கும். உடனே நிறுத்திவிடாதீர்கள். கோங்கின் அலை இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.