செப்டிக் டேங்க் பொடியை மீன் தொட்டியில் போடும் முன்

மீன் கடையில் சின்னக் குப்பியில் விற்கும் பாக்டீரியா விலை அதிகம். செப்டிக் டேங்குக்குப் போடும் பாக்டீரியா பொடி பொட்டலம் பொட்டலமாக மலிவாகக் கிடைக்கிறது. இரண்டுமே கழிவைத் தின்னும் நல்ல பாக்டீரியா என்றுதான் சொல்லி விற்கிறார்கள். அப்படியிருக்க ஏன் அதிகம் செலவழிக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்விதான். ஆனால் எந்தக் கழிவை என்று பார்த்தால் கதை மாறிவிடும்.

செப்டிக் டேங்க் பொடிகளில் பெரும்பாலும் இருப்பவை பாசில்லஸ் வகைகள்: பாசில்லஸ் சப்டிலிஸ், பாசில்லஸ் லைக்கனிஃபார்மிஸ் போன்றவை. கூடவே புரதத்தை உடைக்கும் புரோட்டியேஸ், கொழுப்பை உடைக்கும் லைப்பேஸ், மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ், காகிதத்தையும் நாரையும் உடைக்கும் செல்லுலேஸ் ஆகிய நொதிகள். மலம், எண்ணெய், காகிதம் எல்லாவற்றையும் கரைப்பதற்காகச் சேர்த்த கூட்டணி இது. திடக்கழிவை இது கரைக்கும், சந்தேகமில்லை. ஆனால் புரதம் உடைந்தால் கடைசியில் வெளிவருவது அமோனியா. மீனைக் கொல்வதும் அதே அமோனியாதான்.

மீன் தொட்டிக்கு வேண்டியது வேறு ஒரு கூட்டம். நைட்ரோசோமோனாஸ் போன்றவை அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும் வேலையை நன்னீர்த் தொட்டிகளில் முக்கியமாகச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998-இல் ஆய்வாளர் டிமோதி ஹோவனெக் குழுவினர் காட்டினார்கள். அதற்கு முன்புவரை நைட்ரோபாக்டர்தான் அதைச் செய்கிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். 2015-இல் இன்னொரு சேதி வந்தது: நைட்ரோஸ்பைராவில் சில வகைகள் அமோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் தனியாகவே முடித்துவிடுகின்றன. இந்தப் பட்டியலில் எங்கும் பாசில்லஸ் இல்லை.

ஆகவே முதல் தவறு, பாக்டீரியா என்ற சொல்லை நம்பி வாங்குவது. ஒரு எளிய சோதனை சொல்கிறேன்: காய்ந்த பொடி என்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் பாசில்லஸ்தான். பாசில்லஸ் வித்து உறை கட்டிக்கொண்டு காய்ந்த நிலையில் நீண்ட காலம் தூங்கும். அதனால்தான் அதைப் பொடியாக்கி அலமாரியில் வைத்து விற்க முடிகிறது. அமோனியாவைத் தின்னும் பாக்டீரியாக்களுக்கு அந்த வசதி கிடையாது. காய்ந்த பொடியாகக் கடை வெயிலில் மாதக்கணக்கில் அவை தாக்குப்பிடிப்பது மிகக் கடினம். பாசில்லஸுக்குச் சாப்பாடும் சூடும் கிடைத்தால் அரை மணி நேரத்தில் இரட்டிப்பாகும். நைட்ரோசோமோனாஸுக்கோ நல்ல சூழலிலும் அரை நாளிலிருந்து ஒரு நாளுக்கு மேலும் ஆகும். ஆகவே ஒரே நாளில் தொட்டி தயார் என்ற வாக்குறுதியோடு வரும் எந்தப் பொடியையும் நான் நம்புவதில்லை.

இரண்டாவது தவறுதான் அதிக மீன்களைக் கொல்கிறது: புதுத் தொட்டியில் பொடியைக் கொட்டி, மறுநாளே மீன் விடுவது. பொடியில் பாக்டீரியாவும் நொதியும் மட்டும் இருப்பதில்லை. தவிடு போன்ற ஒரு நிரப்புப் பொருளும் பெரும்பாலும் கலந்திருக்கும். அது தண்ணீரில் ஊறி, பாசில்லஸுக்கே விருந்தாகும். ஓரிரு நாளில் தண்ணீர் பால் கலந்தது போல் வெளுக்கும். இதைப் பார்த்து பாக்டீரியா வேலை செய்கிறது என்று சிலர் மகிழ்கிறார்கள். உண்மையில் அது வேலை செய்துகொண்டிருப்பது உங்கள் ஆக்சிஜன் மீது. நம் ஊர் வெயிலில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தொடும்போது, நீரில் கரையக்கூடிய ஆக்சிஜனே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் அளவுதான். இரவில் செடிகளும் ஆக்சிஜனைத்தான் எடுக்கும். அதோடு இந்தப் பெருங்கூட்டமும் சேர்ந்தால், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து திறந்து மூடும்.

இங்கே ஃபைட்டர் மீனை வைத்து யாரும் முடிவுக்கு வர வேண்டாம். ஃபைட்டரும் கௌராமியும் மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கக்கூடியவை. ஃபைட்டர் இருக்கும் தொட்டியில் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை என்பதை அத்தாட்சியாக எடுத்துக்கொண்டு கோல்ட்ஃபிஷ் தொட்டியில் போட்டால், விளைவு வேறாக இருக்கும்.

அளவிலும் தவறு நடக்கிறது. உறையில் எழுதியிருப்பது பல ஆயிரம் லிட்டர் செப்டிக் டேங்குக்கான கணக்கு. வீட்டுத் தொட்டி 60 லிட்டர். ஒரு ஸ்பூன் என்ன செய்துவிடும் என்று தோன்றும்; ஆனால் அந்த ஸ்பூன் இங்கே பெரிய தொகை.

அப்புறம், உறையில் எழுதாத பொருட்கள். சில பொடிகளில் சோடா உப்பு சேர்ந்திருக்கும், சிலவற்றில் வாசனைப் பொருளும் நுரை வரவைக்கும் பொருளும். நுரைப்பொருள் மீனின் செவுளுக்கு நேரடிப் பகை. சோடா உப்பின் ஆபத்து மறைமுகமானது: அது நீரின் பிஎச் அளவை, அதாவது காரத்தன்மையை, உயர்த்தும். 25 டிகிரியில் பிஎச் 7 இருந்தால் மொத்த அமோனியாவில் நஞ்சான வடிவம் 1 சதவீதத்துக்கும் குறைவு. பிஎச் 8 ஆனால் அது 5 சதவீதத்தைத் தாண்டும். அதாவது ஒரே பொடி அமோனியாவையும் கூட்டும், இருக்கிற அமோனியாவின் நஞ்சையும் கூட்டும். பல இடங்களில் போர்வெல் தண்ணீர் ஏற்கெனவே பிஎச் கூடியதுதான். பொடியைக் கொட்டும்போது தூசியை மூச்சில் இழுக்காதீர்கள். நொதித் தூசி சிலருக்கு ஒவ்வாமை தரும்.

தண்ணீர் கண்ணாடி போல் தெளிந்துவிட்டது, அடியில் இருந்த சகதியும் குறைந்துவிட்டது என்பதை வைத்துத் தொட்டி சுத்தம் என்று முடிவு செய்வதும் தவறு. சகதி காணாமல் போவதில்லை, கரைகிறது. அதிலிருந்த நைட்ரஜனும் பாஸ்பேட்டும் நீரிலேயே இருக்கின்றன. சில வாரங்களில் பாசியாகத் திரும்பி வரும். அமோனியா, நைட்ரைட் இரண்டுக்கும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட் வாங்குங்கள். பொடிக்குச் செலவழிக்கும் பணம் அதற்குப் போகட்டும்.

பொடியைத் தேடிப் போகிறவர்களில் பலருக்கு உண்மையான பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கழுவுகிறார்கள். குழாய் நீரில் குளோரின் இருந்தால், வாரக்கணக்கில் வளர்ந்த நைட்ரோசோமோனாஸும் நைட்ரோஸ்பைராவும் அத்தோடு அடிபட்டுப் போகும். அவை பெரும்பாலும் தண்ணீரில் மிதப்பதில்லை. ஸ்பாஞ்சிலும் செராமிக் ரிங்கிலும் கல்லிலும் ஒட்டி வாழ்பவை. ஆகவே ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்தே எடுத்த ஒரு வாளி நீரில் இரண்டு முறை பிழிந்தால் போதும். கருப்பு நிறம் முழுதாகப் போக வேண்டியதில்லை. இதை மட்டும் திருத்திக்கொண்டால் பாதிப் பேருக்குப் பொடியே தேவைப்படாது என்பது என் கருத்து.

புதுத் தொட்டிக்கு நல்ல விதை, நோயில்லாத பழைய தொட்டியின் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு. அலங்கார மீனுக்குப் பேர்போன சென்னைக் கொளத்தூர் போன்ற இடங்களில் மீன் வளர்ப்பவர்களிடம் கேட்டால் தருவார்கள். ஆனால் அந்தத் தொட்டியில் வெள்ளைப்புள்ளி நோய் இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள். அது கிடைக்கவில்லை என்றால், மீன் இல்லாமலே தொட்டியைப் பழக்கலாம், அதாவது அமோனியாவைத் தின்னும் பாக்டீரியாவை முன்கூட்டியே வளர்க்கலாம். தூய நவச்சாரம் (அம்மோனியம் குளோரைடு) 60 லிட்டருக்கு 0.4 கிராம் போட்டால் லிட்டருக்குச் சுமார் 2 மில்லிகிராம் அமோனியா வரும். அந்த அளவைப் போட்ட ஒரே நாளில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகும் நிலை வரும்வரை, தீரத் தீரப் போட்டுக் காத்திருங்கள். பொதுவாக மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். அதன் பிறகு ஒரு பெரிய தண்ணீர் மாற்றம், அப்புறம் மீன்.

பாசில்லஸையே குறை சொல்வது என் நோக்கமில்லை. இறால் பண்ணைகளில் அடிச்சகதியைக் கட்டுப்படுத்த இதே இனத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அங்கே குளத்தில் சக்கர ஏரேட்டர் ஓடுகிறது, ஆக்சிஜனை அளக்கிறார்கள். மீன் வளர்ப்புக்கென்றே செய்த, வகையின் பெயரும் அளவும் அச்சிட்ட பொருளை, நன்றாகப் பழகிய தொட்டியில், ஏர் பம்ப் ஓடும்போது, கொஞ்சமாகப் பயன்படுத்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. செப்டிக் பொடிக்கு மட்டும் அந்த இடம் கிடையாது.

சரி, ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? முதலில் ஏர் பம்பை முழு வேகத்தில் ஓட விடுங்கள். ஃபில்டரை நிறுத்த வேண்டாம். தீனியை நிறுத்துங்கள். ஆன்டி-குளோரின் போட்ட, தொட்டி நீரின் அதே சூட்டில் உள்ள நீரால் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். அடியில் படிந்த தவிட்டைக் குழாயால் உறிஞ்சி எடுங்கள். மறுநாள் அமோனியாவையும் நைட்ரைட்டையும் சோதித்து, இருந்தால் திரும்பவும் மாற்றுங்கள். நைட்ரைட் தெரிந்தால் லிட்டருக்கு அரை கிராம் கல்லுப்பைக் கரைத்துச் சேர்க்கலாம்; அதிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக இரத்தத்தில் நுழைவதைத் தடுக்கும். இரண்டும் தொடர்ந்து இரண்டு நாள் பூஜ்யமாக இருந்த பிறகு, வழக்கமான தீனியில் கால் பங்கிலிருந்து தொடங்குங்கள்.