300 பேர் விருந்து, குப்பை ஒரு சாக்குக்குள்

வெள்ளி நண்பகலைத் தவிருங்கள். ஜும்ஆத் தொழுகைக்குப் போகும் அயலவரும் வரட்டும். மண்டப வாசல் ஒரு அடி உயரமென்றால் சக்கர நாற்காலிக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம் தேவை.

தலைக்கு 125 கிராம் அரிசி, மொத்தம் 37.5 கிலோ. 28 கிலோவை முதலில் வடியுங்கள். மீதியை வந்தவர்களை எண்ணிய பிறகே உலையில் போடுங்கள். "எதற்கும் இருக்கட்டும்" என்று கூட்டிப் போடும் அரிசிதான் பின்னேரம் குப்பையாகிறது.

சோறு போடும் பொலித்தீன் தாளான லஞ்ச் சீட் இலங்கையில் 2017இலேயே தடையானது. வாழையிலை 330 எடுங்கள், கிழிசலுக்கு முப்பது. சிறு தண்ணீர்ப் போத்தல் வேண்டாம்: 19 லீற்றர் போத்தல் பதினாறு, எவர்சில்வர் கப், கழுவ மூன்று பேசின்.

எச்சில் வாளிக்குப் பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்கவேண்டும். ஆளில்லாவிட்டால் இலையோடு பொலித்தீனும் விழும்; அதை மாடு தின்னும். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகளே அப்படிச் செத்தன.

இலையும் சோறும் குழிக்கு. மட்டக்களப்புக் கரையோர மணலில் நிலத்தடி நீர் மேலேயே கிடக்கிறது. இரண்டடிக்கு மேல் தோண்டாதீர்கள், கிணற்றை விட்டு நன்றாகத் தள்ளித் தோண்டுங்கள். மாரியில் குழி நிரம்பிவிடும், அப்போது உரத்தொட்டிதான் சரி.