நல்ல சர்வரை வீணாக்கும் தவறுகள்

ஓட்டல்காரர்கள் அனுபவமுள்ள சர்வரை வீணாக்குவது பெரும்பாலும் நல்ல எண்ணத்தோடுதான். “பழைய ஆள், சமாளித்துக்கொள்வார்” என்று நாலு டேபிள் பார்ப்பவரிடம் எட்டைக் கொடுத்துவிடுவார்கள். அவரும் சமாளிப்பார். ஆனால் அன்றைக்கு அவர் தட்டு தூக்குகிறவர் மட்டும்தான்.

அவருடைய அனுபவம் காலில் இல்லை, கண்ணில் இருக்கிறது. ஒரு டேபிளில் மூன்று பேர் ரசித்துச் சாப்பிடுகிறார்கள். நாலாவது ஆள் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டை இரண்டு விரல் தள்ளி வைக்கிறார். குறை சொல்லக் கூச்சம். பழகிய சர்வர் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் குனிந்து, “உப்பு கூடிப்போச்சுங்களா? மாத்தித் தரட்டுமா?” என்று மற்றவர் காதில் விழாமல் கேட்பார். எட்டு டேபிளுக்கு ஓடுகிறவர் கண்ணில் அந்தத் தட்டு படாது. வந்தவர் சிரித்தபடியே பில்லைக் கட்டிவிட்டுப் போவார், திரும்பி வரமாட்டார்.

அடுத்தது, சர்வர்களே செய்கிற தவறு: எழுதாமல் ஆர்டர் எடுப்பது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். முடிந்த வேலையைவிட பாதியில் நிற்கிற வேலை நன்றாக நினைவில் நிற்கிறது என்று உளவியலாளர் புளூமா சைகார்னிக் 1927-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பில் கட்டும்வரை ஆர்டரை மறக்காத சர்வர்கள், கட்டியதும் மறந்துவிடுவதைக் கவனித்ததில்தான் அந்த யோசனை பிறந்தது என்பார்கள். சரி, நினைவு நிற்கட்டும். ஆனால் அது ஒருவர் தலைக்குள் இருக்கிறது. தட்டைக் கொண்டுபோவது பல நேரம் வேறொருவர். நாற்காலிகளுக்கு ஒரே வரிசையில் எண் கொடுத்து, எந்த எண்ணுக்கு எது என்று எழுதிவிட்டால், “இது யாருக்குங்க?” என்று டேபிள் முன்னால் நின்று ஏலம் போட வேண்டியதில்லை.

ஒவ்வாமை விஷயத்தில் அனுபவமே ஆபத்தாகிவிடும். “அதில் வேர்க்கடலை கிடையாது, எனக்குத் தெரியும்” என்று பழைய சர்வர் உறுதியாகச் சொல்வார். போன வாரம் சமையல்காரர் எண்ணெயையோ மசாலாவையோ மாற்றியிருப்பது அவருக்குத் தெரியாது. சிலருக்கு மிகச் சிறிய அளவே போதும், மூச்சுத் திணறும். மேலே தூவியதை எடுத்துவிட்டுக் கொடுப்பதும் கூடாது. புதிதாகத்தான் செய்ய வேண்டும். எத்தனை வருஷ ஆளாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் சமையலறையில் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

புதுப் பையனை அவரோடு சேர்த்துவிட்டால் பயிற்சி முடிந்தது என்று நினைப்பது இன்னொன்று. டேபிளைக் குறைக்காமல் ஆளைச் சேர்த்தால் இரண்டு பேரும் ஓடுவார்கள், ஒருவரும் கற்க மாட்டார். கைராசியான சர்வருக்குப் பதவி உயர்வு என்று கல்லாவில் உட்காரவைப்பதும் உண்டு. மரியாதைதான், ஆனால் கூடத்திலிருந்த கண் போய்விடும். சம்பளத்தைக் கூட்டி அங்கேயே வைத்திருக்கலாம்.

அப்புறம், மெனு மாற்றும்போது இவரைக் கேட்பதே இல்லை. எந்த உணவு பாதியோடு திரும்பி வருகிறது, எதற்கு இரண்டாம் முறை கேட்கிறார்கள் என்று கணக்குப் புத்தகத்தில் இருக்காது. கடை திறப்பதற்கு முன் ஐந்து நிமிஷம் எல்லோரையும் நிற்கவைத்து, “நேற்று எந்தத் தட்டு மிச்சத்தோடு வந்தது?” என்று கேட்டால், முதலில் வாய் திறப்பது அந்தப் பழைய ஆளாகத்தான் இருக்கும்.