சரக்கு வேகனில் எழுதியிருப்பதை வாசிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

அமெரிக்க சரக்கு ரயில் படம் ஒன்றைத் திறந்து, ஒரு வேகனின் பக்கச் சுவரை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். ஆளுயரத்துக்கு ஸ்பிரே பெயின்ட் எழுத்துகள் இருக்கும். ஓரத்தில் ஸ்டென்சில் வைத்து அடித்த எழுத்தும் எண்ணும். கீழே, ஏணிக்குப் பக்கத்தில், வெள்ளைக் கோட்டில் ஒரு சின்ன முகம், அதனடியில் ஒரு பெயர். இவை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "கிராஃபிட்டி" என்று சொல்லிவிடுவதுதான் முதல் தவறு. ஒவ்வொன்றையும் எழுதிய கை வேறு, காரணம் வேறு, காலமும் வேறு.

அடுத்து, அந்தச் சின்ன முகத்தைப் பார்த்ததும் "ஹோபோக்களின் ரகசிய மொழி" என்று சொல்லிவிடுவது. வேலை தேடி சரக்கு ரயிலில் டிக்கெட் இல்லாமல் ஏறி ஊர் ஊராகப் போனவர்கள்தான் ஹோபோக்கள். இந்த வீட்டில் சோறு கிடைக்கும், அந்த வீட்டில் நாய் இருக்கிறது என்று குறிகளால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள் என்று ஒரு கதை உண்டு. சரி, அது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அதைக் கொண்டுபோய் வேகனில் எழுதி என்ன பயன்? இன்று செயின்ட் லூயிஸில் நிற்கும் வேகன் நாளை மறுநாள் வேறு மாநிலத்தில் நிற்கும். வழி சொல்லும் குறியை ஓடுகிற சுவரில் யாரும் எழுத மாட்டார்கள். அவர்கள் விட்டுப்போனது பெரும்பாலும் தங்கள் பட்டப்பெயரையும் தேதியையும் போகும் திசையையும்தான். எழுத்தாளர் ஜாக் லண்டன் இளவயதில் இப்படி ஊர் சுற்றியபோது, ரயில்வே தண்ணீர்த் தொட்டிகளில் 'ஸ்கைசெய்ல் ஜாக்' என்ற பெயரைப் பார்த்து, அந்த ஆளைத் துரத்திக்கொண்டே கனடா முழுக்கப் போயிருக்கிறார்.

இதைவிடப் பெரிய தவறு, ரயில்வே தொழிலாளியை மறந்துவிடுவது. எனக்கு மனம் வருந்துவது இங்கேதான். இந்த ஓவியங்களில் புகழ்பெற்ற பலவற்றை வரைந்தவர்கள், வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் யார்டில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள். செயின்ட் லூயிஸில் ஹெர்பர்ட் மேயர் என்ற ரயில்வே ஊழியர், பெரிய தொப்பியோடு பனைமரத்தடியில் உட்கார்ந்து தூங்கும் ஒருவரை வரைந்து 'ஹெர்பி' என்று கையெழுத்துப் போடுவார். 7 லட்சம் தடவைக்கு மேல் வரைந்திருப்பார் என்று சொல்வார்கள். ஆர்கன்சாவின் கர்டன் என்ற சிற்றூரில், மிசோரி பசிபிக் ரயில்வேயில் பிரேக்மேனாக (வண்டியின் பிரேக்கையும் இணைப்புகளையும் கவனிக்கும் ஊழியராக) இருந்த ரஸ்ஸல் பட்லர், 1971இல் புகைபிடிக்கும் ஒரு கௌபாயின் பக்கவாட்டு முகத்தை வரையத் தொடங்கினார். முகம் மாறாது, அதன்கீழ் எழுதும் வாசகம் மாறிக்கொண்டே இருக்கும். வேலைக்கு நடுவே கிடைத்த சில நொடிகளில் போட்ட கோடுகள் இவை.

ஒரே பெயர் என்றால் ஒரே ஆள் என்றும் நினைத்துவிடக் கூடாது. டெக்சாஸில் ரயில்வே ஊழியர் ஜே. எச். மெக்கின்லி தொடங்கிய 'போசோ டெக்சினோ' என்ற தொப்பிக்காரனை, பிற்காலத்தில் வேறு கைகளும் வரைந்தன.

பழைய படங்களில் அதிகம் தெரிவது ஓவியமே அல்ல, வேலைக் குறிப்பு. எந்த லைனுக்குப் போக வேண்டும், எந்த ஊருக்கு என்று யார்டு ஆட்கள் சாக்பீஸால் எழுதியவை. பழுதான வேகனுக்கு ஆங்கிலத்தில் 'பி.ஓ.' (பேட் ஆர்டர் என்பதன் சுருக்கம்) என்று போடுவார்கள். அதைப் பார்த்து யாரோ ஒருவரின் கையெழுத்து என்றோ, பால்டிமோர் அண்ட் ஓஹையோ ரயில்வேயின் சுருக்கம் என்றோ எடுத்துக்கொள்வது எளிதில் நடக்கும் பிழை. சாக்பீஸ் கோடு ரிவெட் தலைகளில் பொடிப்பொடியாக உடைந்து நிற்கும், மழையில் கரையும். கட்டிப் பெயின்ட் குச்சியால் போட்ட கோடு தடிமனாக, எண்ணெய்ப் பசையோடு ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கிடக்கும். புகழ்பெற்ற முகங்கள் பல இன்றும் தெரிவதற்கு அந்தக் குச்சிதான் காரணம்.

காலத்தைக் கணிப்பதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. வேகன் கட்டிய ஆண்டு ஸ்டென்சிலில் இருக்கும். அதுவே எழுத்தின் ஆண்டு ஆகிவிடாது, வேகன் 40, 50 ஆண்டுகள் ஓடும். சுற்றியிருப்பதைப் பாருங்கள். வண்ணப் பட்டைகள் அடுக்கிய செங்குத்துப் பலகை இருந்தால் அது 1967இல் வந்து 1970களின் கடைசியில் கைவிடப்பட்ட, வேகனை அடையாளம் காணும் முறை. கறுப்புச் சதுரத்துக்குள் மஞ்சள் புள்ளி என்றால் 1978இன் சக்கரப் பரிசோதனை. பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால் ஒளிரும் மஞ்சள் பட்டைகள் 2005க்குப் பிறகு கட்டாயமானவை.

மாடல் ரயில் செய்பவர்கள் சறுக்குவதும் இங்கேதான். 1960களின் வேகனில் பெரிய ஸ்பிரே எழுத்துகளை ஒட்டிவிடுகிறார்கள். நியூயார்க் சுரங்க ரயில்களில் கிராஃபிட்டியை 1989இல் முழுமையாக ஒழித்த காலத்தை ஒட்டித்தான் அந்தக் கலை சரக்கு வேகன்களில் பெருகியது. அப்புறம் அளவு. 1:87 அளவு மாடலில் 30 செ.மீ. முகம் மூன்றரை மில்லிமீட்டர்தான் வரும். தரையில் நிற்கும் ஆளின் கை எட்டும் உயரத்தில், வெளிறிய வெள்ளையில் இருக்க வேண்டும். வேகன் எண்ணை மறைத்து ஓவியம் ஒட்டுவதும் பெரும்பாலும் பிழை. எண்ணை மறைத்தால் ரயில்வே அதன்மேல் மறுபடி பெயின்ட் அடித்துவிடும் என்பது வரைகிறவர்களுக்குத் தெரியும், ஆகவே அந்த இடத்தை விட்டுவிடுவார்கள்.

படம் எடுப்பவர்களுக்கு: யார்டுக்குள் போகாதீர்கள். அது அத்துமீறல் என்பது மட்டுமல்ல, மேட்டிலிருந்து தள்ளிவிட்ட வேகன் எஞ்சின் இல்லாமல், பெரிய சத்தம் இல்லாமல் உருண்டு வரும். சாலைக் கிராசிங்கில் வேலிக்கு வெளியே நின்றாலே போதும், நூறு வேகன்கள் உங்கள் முன்னால் வரிசையாகப் போகும். முகத்தை மட்டும் வெட்டியெடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். முழு வேகனையும் ஒரு படம் எடுங்கள், எண் தெரிய வேண்டும். தேதியையும் ஊரையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். அடுத்த முறை அந்த வேகன் வரும்போது புதுப் பெயின்ட் பூசியிருக்கலாம்.