தடைக்காலத்திலும் சோறு போட முடியுமா? நாய், பூனை வளர்க்கும் முன் பார்க்க வேண்டியவை

மண்டபம், பாம்பன், தொண்டி, ஏர்வாடி என நம்ம கரையில் எங்கே இருந்தாலும் சரி, நாயோ பூனையோ வளர்க்க ஆசை வந்தால் முதலில் ஏப்ரல் 15-ஐ நினைத்துப் பாருங்கள். அன்றிலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, கையில் காசு குறையும், சும்மா கிடைத்த மீன் தலையும் குடலும் நின்றுவிடும், போதாக்குறைக்கு வெயில் கொளுத்தும், குடம் கணக்கில் தண்ணீர் வாங்கும் தெருவிலும் அதற்கென்று ஒரு சட்டி வைத்தாக வேண்டும். இந்த இரண்டு மாதத்தைச் சமாளிக்க முடியுமென்றால் தாராளமாக வளர்க்கலாம்.

நாய் என்றால் நாட்டு நாய்தான். ஹஸ்கி மாதிரிப் பனிநாட்டு நாயை இந்தப் புழுக்கத்தில் கட்டிப்போடுவது பாவம், தயவுசெய்து வேண்டாம். எட்டு வாரமாவது குட்டி தாயோடு இருக்கட்டும். எடுக்கும்போது கண்ணில் பீளை, மூக்கில் ஒழுக்கு, உடம்பு மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருப்பது இதெல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். காது மடலைப் புரட்டி, விரலிடுக்கை விரித்து உண்ணி தேடுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ (ரத்தக் கழிச்சல் நோய்) தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, அப்புறம் டாக்டர் சொல்லும் கணக்கில் தொடர வேண்டும். பெட்டைக்குட்டி என்று ஒதுக்காதீர்கள், அதற்குத்தான் கருத்தடை இருக்கிறதே.

கரையில் இன்னொரு ஆபத்து பேத்தை மீன், அதாவது உடம்பை ஊதிப் பெருக்கும் நச்சு மீன். வலையிலிருந்து கழித்து மணலில் வீசிய பேத்தையை நாய் தின்றால் உயிர் போகலாம், அந்த நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. கீழே கிடப்பதை வாயில் எடுக்காமல் குட்டியிலேயே பழக்குங்கள்.

பகலெல்லாம் ஆளில்லாத வீட்டுக்குப் பூனை தோது. ஆனால் சூடை, சாளை என்று பச்சை மீனை மட்டுமே தினமும் போட்டால் வைட்டமின் பி1 குறைந்து நரம்பைப் பாதிக்கும். வேகவைத்து, முள் எடுத்துக் கொடுங்கள். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம்.

பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை, வலையில் வந்த கடல்குதிரை எதையும் வீட்டில் வைக்காதீர்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பறவை ஆசைக்கு லவ்பேர்ட்ஸ் இருக்கிறது, ஒற்றையாக வாங்காமல் ஜோடியாக வாங்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்து முகாமுக்குப் போக நேர்ந்தால் முடிந்தவரை கூடவே கூட்டிப்போங்கள், வழியே இல்லையென்றால் சங்கிலியை அவிழ்த்துவிட்டுப் போங்கள்.